ராஜாவுக்கும் வெள்ளிக்கிழமைதான்

அம்பத்தூரில் என் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எங்கள் நிலத்தில் வேலை பார்க்கும் எட்டியப்பன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. "பெரிம்மா பூட்டாங்கம்மா" என்றார். "எந்தப் பெரிம்மா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அவர் பெரியம்மா என்று கூப்பிடுவது ஒருவரைத்தான். அது தெரிந்தும் கேட்டேன். அவர் பொறுமையாக, "நம்ம பாக்கியம்மாதாம்மா. ஜொரம். விடிகாலைல பூட்டாங்க" என்றார்.

வானகரம் வரைக்கும் மாட்டு வண்டி. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் சரியாகக் கிடைக்காத காலம். கரி போட்டு ஓட்டுகிற பஸ். மேடு வந்தால் நிற்கும், கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிளறிவிட்டு வருவார். நசரத்பேட்டையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரை தரையில் பூ இறைந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான், எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஜுரம் கண்டு சில நாள் ஆகியிருக்கிறது. எனக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று தடுத்தவர் பாக்கியம் அக்காவேதானாம். "அவ அம்மாவப் பாத்துக்கினு கீறா, ஏன் அலைய வெக்கறீங்க" என்றாராம். அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பூவோடும் பொட்டோடும் போனாள், கொடுத்து வைத்தவள் என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். அக்கா என்ன கொடுத்து வைத்தார், என்ன கண்டார் என்று கேட்க நினைத்தேன். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன்.

நம் மாதர் சங்கத் தலைவி, "கூட இருந்தவள் நீ, நாலு வார்த்தை எழுதிக்கொண்டு வந்து வாசி" என்றார். இங்கே வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் தனபாக்கியம் அக்காவை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கதவோரமாக உட்காருவார். கூட்டம் முடிந்ததும் ஜமக்காளத்தை உதறி மடித்து வைத்துவிட்டுக் கடைசி ஆளாகக் கிளம்புவார். அவர் பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவர் பேசிய ஒரு நாளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். அது விளங்க வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டில் வளர்ந்த இரண்டு முயல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரரும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

அக்கா மூத்தவர், நான் இளையதாரம். எங்களுக்குள் இருந்த உறவுக்குத் தமிழில் சக்களத்தி என்று ஒரு சொல்தான் இருக்கிறது. குழாயடியிலும் கிணற்றடியிலும் சண்டை வந்தால் மட்டும் அதை எடுப்பார்கள். என்னை அந்த வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. "பேர்ல மட்டும்தான் பாக்கியம் கீது" என்று எங்கள் மாமியார், அத்தை, வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். எனக்கு அப்பா இல்லை. எட்டாவது வரைக்கும் படிக்க வைத்ததே அம்மாவுக்குப் பெரிய காரியம். இதைவிட நல்ல இடம் பார்க்க அவளால் முடியவில்லை. கல்யாணத்தன்று வாசலில் ஆலம் சுற்றி என்னை உள்ளே அழைத்தது அக்காதான். அவரை யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பொட்டு வைக்கிற சாக்கில் குனிந்து, "பயப்படாத, நான் உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று என் காதில் சொன்னார்.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய காலம் அது. எங்கள் வீட்டுக்காரர் அங்கே காய்கறியும் வைக்கோலும் சப்ளை செய்துகொண்டிருந்தார். நான் வந்து சில மாதம் கழித்து ஒருநாள் வண்டியிலிருந்து ஒரு மூங்கில் கூடையை இறக்கினார். உள்ளே இரண்டு முயல் குட்டிகள். நம் பக்கத்துப் புதரில் ஓடுகிற முயல் இல்லை, சீமை முயல். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். உள்ளங்கையில் அடங்கிவிடும். யாரோ ஒரு துரை வீட்டு பட்லர் கொடுத்தானாம். "ஜோடிம்மா. ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு. வருசம் திரும்பறதுக்குள்ள ஊடு பூராக் குட்டி போட்டுடும். ஆபீசர் மெஸ்ஸுல கறிக்கு எவ்ளோ குடுத்தாலும் எடுத்துக்கறான்" என்று அத்தையிடம் சொன்னார். சாம்பலுக்கு ராஜா, வெள்ளைக்கு ராணி என்று பட்லரே பேரும் வைத்து அனுப்பியிருந்தான். குட்டி போடும் என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையில் நானும் முயலும் ஒரே காரியமாக வந்தவர்கள்.

குட்டிகள் பால் மறக்காத குட்டிகள். புல்லைப் போட்டால் முகர்ந்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டன. இரண்டும் பிழைக்காது என்று எட்டியப்பன் சொல்லிவிட்டார். அக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளிச் சங்கு எடுத்து வந்தார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு. அவர் அம்மா கல்யாணச் சீரோடு கொடுத்து அனுப்பியது. அதில் அதுவரை யாருக்கும் பால் புகட்டியதில்லை. பசும்பாலில் பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்து, குட்டியை முந்தானையில் சுற்றி மடியில் வைத்து, சங்கின் மூக்கை அதன் வாயோரம் வைத்தார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைக்கு வெச்ச சங்குல முயலுக்குப் பாலா? விளங்குமா?" என்றார். "சும்மாதான அத்தே கீது" என்றார் அக்கா. குட்டிகள் பிழைத்துக்கொண்டன.

ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குக் கம்பி வலை அடித்து, நான்கு கால் வைத்துக் கூண்டு செய்தோம். எறும்பு ஏறாமல் இருக்க அதன் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தினோம். பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், கடிக்க வேப்பங்குச்சி போட்டோம். முயலுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, காட்டினால் செத்துப்போகும் என்பார் அத்தை. அவர் கண் மறைந்ததும் அக்கா இன்னொரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைப்பார். பூனை வேலியில் நடந்தால்கூட ராஜா பின்னங்காலால் பலகையைத் தட்டும். அக்கா அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவார். சித்திரை வெயிலில் சாக்கை நனைத்துக் கூண்டின் மேல் போடுவது என் வேலை.

காலையில் வரப்பிலிருந்து அருகம்புல் அறுத்து வந்தால் பனி சொட்டச் சொட்ட இருக்கும். அக்கா அதை அப்படியே போட விடமாட்டார். முறத்தில் பரப்பி நிழலில் வைப்பார். "ஈரம் காயட்டும். ஈரத்தோட தின்னா வயிறு உப்பிக்கும்" என்பார். முயல்கள் வலையைப் பிறாண்டும். எனக்குப் பாவமாக இருக்கும். கொஞ்சம் போட்டால்தான் என்ன என்று கேட்பேன். "இரு" என்பார். நாளாக ஆக இந்தப் பேச்சை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வதைக் கவனித்தேன். அத்தை என்னைத் திட்டி நான் அழுதுகொண்டு அடுக்களைக்கு வந்தால் ஒரு சமாதானமும் சொல்ல மாட்டார். "ஈரம் காயட்டும். அப்பால பேசிக்கலாம்" என்பார். பிறகு பேசியதும் இல்லை. காய்ந்த பிறகு பேச என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

அவரிடம் எனக்கு விளங்காத ஒன்றும் இருந்தது. ராணியை "இன்னாடி, வாடி" என்று கூப்பிடுவார். சரி. ராஜாவையும் "வாடி" என்றே கூப்பிடுவார். "ராஜாவப் போயி 'டி' போட்டுக் கூப்புடறியேக்கா" என்று சிரித்தேன். "வாய் தவறிப் போச்சு" என்றார். மறுநாளும் வாய் தவறியது. அதற்கு மறுநாளும்.

முயல்கள் வளர்ந்து மதமதவென்று ஆயின. ராணியின் காதில் சொறி வந்தது. கூண்டு நாறுகிறது என்று அத்தை ஒரே பேச்சு. "எண்ணெ வெச்சு முழுக்காட்டு, எல்லாஞ் சரியாப் பூடும். பொட்டைக்கு வெள்ளிக்கெழம, ஆணுக்கு சனிக்கெழம" என்று எனக்கு உத்தரவு போட்டார். அன்று வெள்ளிக்கிழமை. அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். நான் நல்லெண்ணெயைக் காய்ச்சி, மிளகு போட்டு இறக்கி, ராணிக்குத் தலை முதல் வால் வரை தேய்த்து, சீயக்காய் போட்டு வெந்நீர் ஊற்றினேன். சாம்பிராணியும் போட்டேன். அது கத்தவில்லை, கடிக்கவில்லை. என் கையிலேயே விறைத்து, கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ரோமமெல்லாம் ஒட்டி எலும்பும் தோலுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா வந்து பார்த்தார். தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு ராணியை வாங்கிக்கொண்டார். அடுப்படியில் உட்கார்ந்து பழைய புடவையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெகுநேரம் கழித்து அது மூக்கை ஆட்டியது. எனக்கு உயிர் வந்தது. "ராஜாவுக்கு நாளைக்கி வேணாங்க்கா, நான் அத்தைக்கிட்டச் சொல்லிக்கறேன்" என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ராஜாவுக்கு இன்னாத்துக்குடி சனிக்கெழம? அவளுக்கும் வெள்ளிக்கெழமதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ராணியை மல்லாத்தி வயிற்று ரோமத்தை விலக்கிக் காட்டினார். ராஜாவையும் தூக்கி வரச் சொல்லிக் காட்டினார். ஆடு மாட்டோடு வளர்ந்தவர், குட்டிகள் வளர்ந்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் பெட்டை. ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதே, அதைப் பார்த்துத்தானே அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டேன். "பொட்டையும் பொட்டையும் அப்படித்தான் பண்ணும், ஆடு பாத்ததில்ல?" என்றார். "அப்ப ஏங்க்கா சொல்லாம கீற?" என்றேன். "சொன்னா நாளைக்கே மெஸ்ஸுக்குப் பூடும்டி. குட்டி போடும்னு நெனைச்சிக்கினு கீற வரைக்கும்தான் இதுங்க உசுரோட கீதுங்க. நீயும் வாயத் தொறக்காத." நான் திறக்கவில்லை.

அதற்கப்புறம் தை மாதம் வந்தது. எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அத்தை பேச்சில் தேன் சொட்டியது. கிணற்றில் தண்ணீர் சேந்த வேண்டாம் என்றார். அதே சமயத்தில் ராணி தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பல்லால் பிடுங்கிக் கூண்டின் மூலையில் மெத்தை போல் சேர்க்க ஆரம்பித்தது. வைக்கோலை வாய் நிறையக் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தது. முயல் குட்டி போடுவதற்கு முன்னால் அப்படித்தான் செய்யும் என்று பட்லர் சொன்னதாக எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அத்தை கூண்டுக்கு முன்னால் சூடம் கொளுத்தினார். எனக்கே சந்தேகமாகிவிட்டது. அக்காவைத் தனியாக இழுத்துப் போய், "நீ பாத்தது தப்பா இருக்குமோக்கா?" என்று கேட்டேன். அவர் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

எனக்கு ஒரு நாள் காலையில் வயிற்று வலி வந்து எல்லாம் தெரிந்துபோயிற்று. ஒன்றுமில்லை, தள்ளிப்போனது, அவ்வளவுதான். ராணியும் இன்னும் சில நாள் அந்த வெறும் மெத்தையைக் காவல் காத்தது. ராஜா பக்கத்தில் வந்தால் உறுமியது. பிறகு ஒரு நாள் எழுந்து வந்து புல்லைத் தின்றது, மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா கூண்டுக்குள் கையை விட்டு அந்த ரோமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினார். நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன். "அது தப்பு ஒண்ணும் பண்லடி. ஆசப்பட்டுச்சி, அவ்ளோதான்" என்றார். ராணியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. ரோமத்தை வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தார்.

அன்று மத்தியானம் அடுப்படியில் அவராகவே ஒரு விஷயம் சொன்னார். என் கல்யாணத்துக்கு வெகு நாளைக்கு முன்னால், அவர் அம்மா அவரைப் பட்டணத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சோதித்துப் பார்த்துவிட்டு, உன்னிடம் ஒரு குறையும் இல்லை, உன் புருஷனை அழைத்து வா என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அக்கா வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அவர் கேட்டுக்கொண்டாராம். போகவில்லை. பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கையை ஓங்க மாட்டார், பூ வாங்கினால் இரண்டு பேருக்கும் சமமாக அளந்து வாங்குவார். பயந்தவர். ஒரு பயந்த ஆளின் பயத்துக்கு இரண்டு பெண்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ராணி ஏமாற்றியதிலிருந்து அத்தையின் பேச்சு மாறியது. "மலட்டு ஊட்டுல வளந்தா முயலும் மலடாத்தான் கீது" என்றார். அக்காவுக்கு மட்டும் விழுந்துகொண்டிருந்த பேச்சு இப்போது எனக்கும் சேர்ந்து விழுந்தது. ஒரு பகலில் அத்தையின் தம்பி வானகரத்திலிருந்து வந்தார், கூட இன்னும் சில உறவுக்காரர்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் தூணோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மோர்ச் செம்போடு நின்றேன். மூன்றாவதாக ஒரு பெண் பார்ப்பது என்று பேச்சு. "சின்னவள அம்மா ஊட்டுக்கே அனுப்பிடலாம். ரெண்டு மலட்டுக்குச் சோறு போட முடியுமா?" என்றார் அத்தை. சரிதான் என்றார் தம்பி. என் அம்மா அப்போதே பாதி நாள் பட்டினி. நான் போய் நின்றால் அவள் என்ன செய்வாள், ஊர் என்ன பேசும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கொல்லைப் பக்கமிருந்து வந்தார். கையில் அந்த மூங்கில் கூடை. கூடத்து நடுவில் ஆண்களுக்கு முன்னால் அவர் வந்து நின்று நான் பார்த்ததில்லை. கூடையைப் பாயின் மேல் வைத்தார். உள்ளே ராஜாவும் ராணியும் ஒன்றின் மேல் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தன.

"அத்தே, இதுங்க மலடு இல்ல. ரெண்டும் பொட்டை. மூணாவதா ஒரு பொட்டையக் கொணாந்து உட்டாலும் கூண்டு இப்படியேதான் இருக்கும்" என்றார்.

தம்பிக்கு விளங்கவில்லை. முயலைப் பற்றி இப்போது என்ன என்று கேட்டார். அக்கா தூண் பக்கம் திரும்பினார். "பட்டணத்து டாக்டரம்மா சொன்னது அவருக்குத் தெரியும். நான் சொல்லட்டா, அவரே சொல்றாரா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் பதில் சொல்ல முடியாது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அன்று அத்தையைப் பார்த்தும் பாவமாக இருந்தது. என்னை யாரும் அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்றாவது பெண் பேச்சும் அதோடு நின்றது.

ஆனால் இரண்டும் பெட்டை என்பது வெளியே வந்துவிட்டதே. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் வண்டியைப் பூட்டச் சொன்னார். மெஸ்ஸுக்கு இன்று முயலும் போகிறது என்று எட்டியப்பனிடம் சொன்னார். கோபத்தை வேறு யாரிடம் காட்டுவார்? நான் அக்காவிடம் ஓடினேன். வேலிக்கு வெளியே விட்டுவிடலாம், ஓடிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "நாயி அடிச்சிடும்டி. அது இதவிட மோசம்" என்றார். வழக்கம் போலப் புல்லை முறத்தில் பரப்பி நிழலில் வைத்தார். வாசலில் வண்டி காத்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஈரம் காயட்டும். ஈரத்தோட தின்னா வழில வயிறு நோவும்" என்றார் அக்கா, யாருக்கும் இல்லாமல். காய்ந்த பிறகுதான் கூடைக்குள் போட்டார். இரண்டின் முதுகையும் தடவினார். "போங்கடி" என்றார். வண்டி ரோடு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவை என்ன ஆயின என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

பல மாதங்கள் கழித்து நான் கேட்டேன். "டாக்டரம்மா சொன்னத என்னக் கொண்டாரதுக்கு முன்னாலயே எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டனேக்கா. ஏன் சொல்லல?" கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ சொல்லியிருந்தா, சக்களத்தி வராம இருக்கறதுக்குப் பொய் சொல்றான்னு பூட்டிருக்கும். எனக்காகச் சொன்னா யாருடி நம்புவா? உனக்காகச் சொன்னப்போ யாராலயும் அப்படிச் சொல்ல முடில பாரு." பிறகு அவராகவே, "இருந்தாலும் சொல்லியிருக்கணும். அந்த ஈரம் காயறதுக்குள்ள உன்னக் கொண்டாந்துட்டாங்க" என்றார்.

ஜோடி என்று சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று அந்த பட்லரை எங்கள் வீட்டுக்காரர் வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று சாய்ந்தால் இன்னொன்று பக்கத்தில் வந்து ஒண்டிக்கொள்ளும். காதை நக்கிவிடும். எங்கள் இருவரையும் தெருவில் சேர்ந்து பார்த்தால், "தோ, ஜோடி வருது பாரு" என்று பூக்காரி கேலி செய்வாள். அவள் கேலியில் ஒரு தப்பும் இல்லை.

இத்தனையும் எழுதிய பிறகு, அக்காவிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த வெள்ளிச் சங்கு இருக்கிறது. அதன் மூக்கில் குட்டிப் பல் பட்ட கீறல் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அன்று கூடத்தில் அவர் சொன்ன சொல். அதைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அக்காவுக்குப் பால் தெளித்துவிட்டு வந்து கொடியில் போட்ட துணி காயவில்லை. அதற்குள் கூடத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அத்தையின் அதே தம்பி. "பெரியவ பூட்டா. ஊடு வெறிச்சினு கீது. திருமழிசைல ஒரு பொண்ணு கீதாம், ஏழை வூட்டுப் பொண்ணு, சொன்ன பேச்சு கேக்குமாம்." அத்தை தலையாட்டினார். எங்கள் வீட்டுக்காரர் தூணோரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னொரு நாள் அதே கூடத்தில் கேட்டது யார் காதிலும் இல்லை. அக்கா உயிரோடு இருந்தவரை அவர் இருப்பதே போதுமாக இருந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை.

திருமழிசையிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, இந்தக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பி உங்களை அழைத்தது சங்கம் இல்லை, நான்தான். எனக்காகச் சொல்வதாக நீங்கள் நினைக்க வேண்டாம். என்னை இனி யாரும் எங்கும் அனுப்பப் போவதில்லை. உங்கள் பெண் வந்தால் எனக்கு அடுப்படியில் ஒரு துணை, கிணற்றடியில் ஒரு கை. அவளை நான் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டது போலவே பார்த்துக்கொள்வேன். அதற்காகவே அவளை அந்த வீட்டுக்குள் விட முடியாது. அக்கா இருந்திருந்தால் கூடையைக் கொண்டு வந்து உங்கள் முன்னால் வைத்திருப்பார். என்னிடம் கூடை இல்லை, இந்தக் காகிதம்தான் இருக்கிறது.

உங்கள் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை அம்மா. பார்க்காமலே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அவளை அனுப்பாதீர்கள்.